மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சா, அறைக்குள் தெர்மோகோலா?

தில்லியில் மேல்தளத்து வீட்டில் இருப்பவர்களுக்கு மே மாதத்தில் பகலைவிட இரவுதான் தொல்லை. மயூர் விஹாரில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வெளியே அனல்காற்று ஓய்ந்த பிறகும் கூரை சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். கான்கிரீட் வெப்பத்தைக் கடத்துவதோடு சேமித்தும் வைக்கிறது. நண்பகலில் மேலே ஏறிய சூடு ஐந்து அங்குலத் தளத்தைக் கடந்து கீழே வரச் சில மணி நேரம் ஆகிறது. நாம் படுக்கும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது.

தெர்மோகோல் வைத்த ஃபால்ஸ் சீலிங்கை வெப்பக் கடத்தலில் குறை சொல்ல முடியாது. உள்ளே சிறைப்பட்ட காற்றின் புண்ணியத்தில் அது கான்கிரீட்டைவிடச் சுமார் 40 மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஆனால் தளம் வெந்துகொண்டேதான் இருக்கும். மழைக்காலத்தில் ஓதம் இறங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது. தீப்பிடிக்கும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது.

நாங்கள் அடித்தது வெள்ளைப் பூச்சு. சூரிய வெப்பம் 15 கோடி கிலோமீட்டர் வெற்றிடத்தைக் கதிர்வீச்சாகவே கடந்து வருகிறது. அதை வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் சிக்கனம். தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. அழுக்கேறிய சாம்பல் நிறத் தளம் அதில் பெரும்பகுதியை விழுங்கும். நல்ல புதுப் பூச்சு ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஏற்கும். மதியம் இரண்டு மணிக்கு எங்கள் மாடியில் வெறுங்காலோடு நிற்கலாம், பக்கத்து மாடியில் கால் வைக்க முடியாது.

பளபளக்கும் அலுமினியப் பூச்சைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அதுவும் வெயிலைத் திருப்பும், ஆனால் உள்வாங்கிய சூட்டை எளிதில் உமிழாது. வெள்ளைப் பூச்சு இரவில் வானத்தை நோக்கித் தாராளமாக உமிழ்ந்துவிடும். இந்த இரண்டு குணத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.ஆர்.ஐ. எண், அதாவது சூரிய எதிரொளிப்புக் குறியீடு. விலைக்கு முன் அதைப் பாருங்கள்.

எல்லாம் கடைசியில் பராமரிப்பில்தான் வந்து நிற்கிறது. இங்கே கோடையில் ஒரு புழுதிப்புயல் அடித்தால் போதும், வெள்ளை செம்மண் நிறமாகிவிடும், எதிரொளிப்பும் இறங்கிவிடும். விடியற்காலையில் தண்ணீர் ஊற்றி மெல்லிய துடைப்பத்தால் கழுவ வேண்டும். கம்பி பிரஷ் பூச்சையே உரித்துவிடும். தண்ணீர்த் தொட்டி கசியும் மூலையில் பாசி கறுத்துப் படரும், அங்கே தனிக் கவனம் வேண்டும். வெறும் சுண்ணாம்பு மலிவுதான். ஆனால் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்குவது கடினம், காய வைத்த வடாமிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஜனவரியில் தெர்மோகோல்தான் கெட்டிக்காரன்: உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. வெள்ளைக் கூரையோ வேண்டிய வெயிலையும் விரட்டிவிடும். குளிர்கால வெயில் சாய்ந்து, குறைந்த நேரமே விழுவதால் கோடை லாபத்தோடு ஒப்பிட்டால் இழப்பு சிறிது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் ஹீட்டர் செலவை வைத்து அடித்துச் சொல்லும் அளவுக்கு அனுபவம் போதாது.

தில்லியில் தளம் தளமாகத் தனித்தனியே விற்கப்படும் பில்டர் ஃப்ளோர் வீடுகளில் மொட்டை மாடி உரிமை தனியாக விற்கப்படுவதுண்டு. மேல்தளத்தில் இருந்தும் மாடி உங்களுடையதாக இல்லாவிட்டால், தெர்மோகோல்காரரைக் கூப்பிடுங்கள்.