காட்டு ரோஜா வெச்சு ஆறு வருஷம் ஆச்சு, பூவ விட பழந்தான் மேட்டர்

நாய் ரோஜான்னு சொல்வாங்களே, ரோசா கேனினா, அத வேலி ஓரமா வெச்சு ஆறு வருஷம் ஆகுது. பூவுக்காகன்னா வேண்டாம், வெளிர் ரோஸ்ல அஞ்சே இதழ், வருஷத்துக்கு ஒரு தடவ பூத்துட்டு அடங்கிடும். நான் வெச்சது பழத்துக்கு.

மூணாவது வருஷம் ஒரு முட்டாள்தனம் பண்ணேன். வசந்த காலத்துல செடிய அழகா ட்ரிம் பண்றேன்னு மொத்தமா வெட்டிட்டேன், இது போன வருஷம் வளர்ந்த கிளையிலதான் பூக்கும்னு அப்ப தெரியாது, அந்த வருஷம் பழம் ஜீரோ. இப்பல்லாம் ரொம்ப வயசான கிளைய மட்டும் அடியோட எடுக்குறேன். கெட்டி கையுறை கட்டாயம், முள்ளு கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், மாட்டுனா விடாது. மத்தபடி உரம் மருந்து எதுவும் கேக்கல. ஒட்டு ரோஜாவுக்கு அடிச்செடியாவே இத வெக்கிறாங்கன்னா எவ்ளோ முரட்டுச் செடின்னு பாத்துக்கோங்க.

உண்மையான வேலை பழத்துக்குள்ளதான். இலையுதிர் காலத்துல செவப்பா, ரெண்டு சென்டிமீட்டர் நீளத்துல பாக்க ஆசையா இருக்கும், ஆனா உள்ள விதைய சுத்தி பூனை முடி மாதிரி நைஸா ரோமம். மொத தடவ அப்படியே கடிச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் தொண்டைய செருமிட்டே இருந்தேன். அரிப்புப் பொடியே இதுல பண்ணுவாங்களாம்! ஜாமுக்கு ஒவ்வொண்ணா பொளந்து சுரண்டணும், அரைக் கிலோவுக்கே ஒரு சாயங்காலம் போச்சு, இனி அந்தப் பக்கம் போறதில்ல. சிரப் ஈஸி, முழுசா நசுக்கி வேகவெச்சு மெல்லிசு துணிய ரெண்டா மடிச்சு ரெண்டு தடவ வடிகட்டுனா போதும், ஒரு தடவ மட்டும் வடிச்சா ரோமம் வந்துடும்.

வைட்டமின் சி ஆரஞ்ச விட பல மடங்கு, அது உண்மைதான், ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டனுக்கு ஆரஞ்சு வராதப்ப வேலில இருந்து பறிச்சுதான் புள்ளைங்களுக்கு சிரப் காய்ச்சிக் குடுத்தாங்க. ஆனா சூடு பட பட குறையும், அதனால இந்தப் பழத்துல டீ போட்டுட்டு நான் வைட்டமின் கணக்குப் பாக்குறதில்ல, புளிப்புக்காகக் குடிக்கிறேன். பழத்த காய வெக்கிறப்ப நடுவுல ஈரம் இருந்தா பூஞ்சை, போன வருஷம் ஒரு டப்பா முழுசும் கொட்டுனேன். விதைல இருந்து எண்ணெய் எடுக்குறது வீட்ல ஆகுற காரியம் இல்ல.

உச்சாணிக் கிளைல கை எட்டாத பழம் பறவைங்களுக்கு. எட்டுறதையும் அதுங்க விட்டு வெக்கிறதில்ல, அது வேற விஷயம்.