திருகோணமலைக் கடலடி: ஜெப்கோவா, எக்கோ சவுண்டரா?

கலவாய், விளமீன் போன்ற பாறை மீன்கள் எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) நிற்கும் என்று முன்கணிக்க, முதலில் கடலடியின் ஆழம் தெரியவேண்டும். ஜெப்கோ (GEBCO) என்ற உலகக் கடலடி ஆழத் தரவை இறக்கிக்கொள்வதா, படகு பிடித்து எக்கோ சவுண்டரால் (ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு ஆழம் பார்க்கும் கருவி) அளப்பதா என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

செலவு: ஜெப்கோ இலவசம். சவுண்டருக்குப் படகு, மண்ணெண்ணெய், ஆள்கூலி.

நுணுக்கம்: விஷயமே இங்குதான். ஜெப்கோவின் ஒரு கட்டம் 15 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு), நம் பக்கம் ஏறக்குறைய 460 மீட்டர். குடாவுக்குள்ளேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கின் சுவர் சடாரென்று இறங்கும். அந்தச் செங்குத்தெல்லாம் கட்டத்துக்குள் சராசரியாகி மொழுக்கென்று ஆகிவிடும். புறாத்தீவுப் பவளப்பாறைக்கும் அதே கதிதான். சவுண்டரிலோ, பாறை என்றால் எதிரொலி பளிச்சென்று வரும், திரையில் அதற்குக் கீழே இரண்டாவது கோடும் விழும். சேறு என்றால் மங்கும். பாறை மீனுக்கு ஆழத்தைவிட இந்த வித்தியாசம்தான் பெரிது என்பேன்.

பரப்பு: சாதாரண சவுண்டர் படகுக்கு நேர்கீழேதான் பார்க்கும். ஓடிய கோடுகளுக்கு இடையே ஊகம்தான். வடகிழக்குக் காற்றடிக்கும் வாடைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் அதுவும் நடக்காது.

முல்லைத்தீவிலிருந்து மட்டக்களப்பு வரை பொதுவான படம் போதுமென்றால் ஜெப்கோ சரி. ஒரு குறிப்பிட்ட பாருக்கு என்றால் படகுதான். கச்சான் (தென்மேற்குக் காற்று; அப்போதுதான் இந்தக் கரையில் கடல் அமைதி) தொடங்குமுன்பே ஆள் பேசி வையுங்கள்.