டென்ஸ் மெஷின்: நான்கு காலண்டர் சீசனுக்குப் பிறகு

டென்ஸ் என்றால், வலிக்கிற இடத்தில் பேட் ஒட்டித் தோல் வழியாக மெல்லிய மின்துடிப்பு அனுப்புகிற வலி மெஷின். வாங்கியது 2021 செப்டம்பரில். விலை 2,400 ரூபாய். இரண்டு சேனல், நான்கு பேட், ஒன்பது வோல்ட் பேட்டரி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டி. இது வலியைக் குணப்படுத்துமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குணப்படுத்தாது. எனக்கு இன்றைக்கும் வலி இருக்கிறது. ஆனால் இடுப்புக்காக நான் வாங்கிக் குவித்த சாமான்களில் பரணுக்குப் போகாமல் தப்பித்தவை இரண்டுதான். ஒன்று இந்த மெஷின். இன்னொன்று கல்லுப்பு கட்டிய ஒரு பழைய வேட்டித் துணி.

சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்வது என் வேலை. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் புது ஆல்பம் வரும். அதற்கப்புறம் ஆர்டர் குவியும், மார்கழி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. 2019 சீசனில் ஒரு நாள் தரையில் கிடந்த பேப்பர் கட்டை எடுக்கக் குனிந்தேன். இடுப்பில் சுரீர் என்றது. இடது பிட்டத்தில் கிளம்பி, தொடைக்குப் பின்னால் இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் ஒரே இழுப்பு. "வாய்வுப் பிடிப்பு, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்றார் அச்சக அண்ணாச்சி. அவர் சொன்ன இரண்டு நாள் இப்போது ஆறாவது வருடத்தில் நிற்கிறது.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று இந்த வலி உள்ளவர்களுக்கே தெரியும். சுளுக்கு எடுப்பவரிடம் போய்க் குப்புறப் படுத்தேன். கொட்டஞ்சுக்காதி தைலம் தேய்த்தேன். தயிரும் புளியும் சேர்த்துக் காய்ச்சுகிற எண்ணெய் அது. சூடாகத் தேய்த்துக்கொண்டால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் சட்டைக் காலரிலிருந்து வாசனை போகாது. இடுப்பு பெல்ட் வாங்கினேன். மே மாத வெயிலில் சிவகாசியில் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வேர்க்குரு மட்டும் நிச்சயம். மதுரைக்குப் போய் எம்ஆர்ஐ எடுத்ததில் எல்5-எஸ்1 இடையில், அதாவது இடுப்பின் கடைசி எலும்புக்கும் அதற்குக் கீழே இருக்கும் எலும்புக்கும் நடுவில், மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. அந்த ரிப்போர்ட்டைப் படித்த ஒரு வாரம் நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் முதுகில் கண்ணாடிச் சாமான் கட்டியிருக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்தப் பயத்தைப் போக்கியவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். என்னைவிடப் பத்து வயது சின்னவர். "அண்ணே, வலியே இல்லாத ஆளுங்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் இது வரும்" என்றார். நான் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தேன். வலி இல்லாத சுமார் மூவாயிரம் பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், எண்பது வயதில் 84 சதவீதம். நரை மாதிரிதான் இதுவும். அதற்காக எனக்கு வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. நரம்பு அழுத்தப்பட்டது உண்மை. ஆனால் முதுகு உடைந்துபோகவில்லை என்று தெரிந்ததே பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

மாத்திரைக் கதையையும் சொல்லிவிடுகிறேன், மெஷினிடம் நான் போனதற்கு அதுதான் காரணம். டாக்டர் நரம்பு வலிக்கான பிரிகாபலின் 75 மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலில் இருந்த எரிச்சல் குறைந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் காலை பதினொரு மணிக்குக் கண் சொருகும். அந்த மயக்கத்தில் ஒரு தினசரி காலண்டர் புரூஃபில் அமாவாசையை ஒரு நாள் தள்ளிப் போட்டுவிட்டேன். அச்சுப் பிளேட்டுக்குப் போவதற்கு முன் அண்ணாச்சி கண்ணில் பட்டது. அச்சாகியிருந்தால் ஒரு ஊரே தர்ப்பணத்தைத் தப்பான நாளில் கொடுத்திருக்கும். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சட்டென்று நிறுத்தக்கூடாது என்று சொல்லி, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். வலி மாத்திரைகளையும் தினம் தின்ன முடியாது. வயிறும் சிறுநீரகமும் தாங்காது. அப்போதுதான் பிசியோ அந்தப் பெட்டியை எடுத்துக் காட்டினார்.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. குழந்தை முழங்காலை இடித்துக்கொண்டால் அம்மா அந்த இடத்தைப் பரபரவென்று தேய்த்துவிடுகிறாள், அழுகை குறைகிறது இல்லையா? தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் சுறுசுறுப்பானால், வலியைக் கொண்டுவரும் மெல்லிய இழைகளுக்குத் தண்டுவடத்திலேயே கதவு பாதி சாத்தப்படுகிறது என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965இல் சொன்னார்கள். அந்தத் தேய்ப்பைத்தான் மின்துடிப்பாக இந்த மெஷின் செய்கிறது. தோலுக்கு அடியில் எறும்புக் கூட்டம் ஓடுகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. வலிக்கிற அளவுக்கு ஏற்றினால் பலன் கூடும் என்று நினைத்து முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முட்டாள்தனம். நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் உறுத்தக்கூடாது, அந்த அளவு போதும்.

எனக்குப் பொருந்திய செட்டிங் இது: 80 முதல் 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை துடிப்பு), அரை மணி நேரம். இரண்டு பேட் இடுப்பில் முதுகெலும்புக்கு இரு பக்கமும், இரண்டு பிட்டத்திலும் தொடையின் பின்பக்கத்திலும். இரண்டு, மூன்று மாதம் கழிந்ததும் உடம்பு பழகிவிட்டது, குறுகுறுப்பே தெரியவில்லை. அப்புறம் துடிப்பு தானாக ஏறி இறங்குகிற மோடுக்கு மாற்றினேன், திரும்ப வேலை செய்தது. இப்போது தினமும் போடுவதில்லை. மோசமான நாளுக்கு என்று வைத்திருக்கிறேன்.

பலன் எவ்வளவு? என்னிடம் கணக்கு இருக்கிறது. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம்தான் என் வலி டைரி. பத்துக்கு எத்தனை என்று காலை மாலை ஒரு நம்பர் எழுதுவேன். மெஷின் போடுமுன் ஆறு என்றால், ஓடும்போது மூன்றரை, நான்கு. கழற்றி ஒரு மணி, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்தில் மெல்ல ஐந்துக்கு வந்துவிடும். அவ்வளவுதான். ஒரு நாள் கால் வலியே இல்லாமல் எழுந்தேன் என்று விளம்பரத்தில் வருகிறதே, அது எனக்கு ஒரு தடவைகூட நடக்கவில்லை.

இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இங்கிலாந்தில் எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் நைஸ் என்ற அமைப்பு 2016இல் வெளியிட்ட இடுப்புவலி வழிகாட்டுதலில் டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்றே இருக்கிறது. என் வேர்க்குரு பெல்ட்டையும் வேண்டாம் என்கிறார்கள். படித்தபோது சுருக்கென்றது. ஆனால் என் தாள்களைப் புரட்டிப் பார்த்தால் அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. முதல் சீசன் முழுக்க மெஷினை மாட்டிக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். டிசம்பரில் போட்ட நம்பர், மெஷின் வாங்குமுன் ஆகஸ்டில் போட்ட நம்பரேதான். இரண்டாம் சீசனில் பிசியோ திட்டினார்: "வலி குறையுற அந்த ஒரு மணி நேரத்தை உட்காரவா வாங்கினீங்க? எழுந்து நடங்கண்ணே." அதிலிருந்து மெஷினைக் கழற்றியதும் செருப்பை மாட்டிவிடுவேன். முதலில் தெருமுனை டீக்கடை வரை. பிறகு பத்ரகாளியம்மன் கோயில் வரை. இப்போது தினம் நாற்பது நிமிடம், முக்கால் மணிக்கு ஒரு தடவை அலாரம் வைத்து நாற்காலியை விட்டு எழுந்திருப்பது தனி. தாள்களில் ஆறு என்பது மாதத்தில் நான்கைந்து நாள்தான் வருகிறது. மீதி நாள் இரண்டு, மூன்று. இதில் மெஷினின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டால் நடைக்குத்தான் முக்கால் பங்கு கொடுப்பேன். அந்த முதல் டீக்கடை நடைக்குக் கூட்டிப்போனது மெஷின்.

குறைகள். ஒன்பது வோல்ட் பேட்டரியைப் பிசாசு மாதிரி தின்னும், சார்ஜ் ஏற்றுகிற மாடல் வாங்கியிருக்க வேண்டும். பேட் ஒரு செட் இருபத்தைந்து தடவைக்கு மேல் ஒட்டாது. நம் ஊர் வியர்வைக்கு இன்னும் சீக்கிரமே போகும். போடுமுன் தோலை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும், பேட் காய்ந்துபோனால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் கொஞ்ச நாள் தாங்கும். வயரைப் பிடித்து இழுத்துக் கழற்றினால் உள்ளே அறுந்துவிடும், ஒரு வயர் அப்படிப் போனது. மெஷினை அணைக்காமல் பேட்டைப் பிய்த்தால் சுளீர் என்று ஒரு கடி கடிக்கும். எனக்கு ஒரே இடத்தில் தினமும் ஒட்டியதில் சிவந்து அரிப்பு வந்தது, ஒரு அங்குலம் தள்ளி ஒட்டினால் சரியாகிறது.

உப்பு மூட்டையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம், அம்மா சொல்லிக்கொடுத்தது. இருபது ரூபாய்ச் செலவு. ராத்திரி தூக்கத்துக்கு மெஷினைவிட அதுதான் மேல்.

காலில் பலம் குறைந்துகொண்டே போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ இந்த மெஷின், உப்பு எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இதில் தாமதம் கூடாது.

கடைசியாக ஒன்று. போன ஐப்பசியில் பக்கத்து வீட்டு மாமா முழங்கால் வலிக்கு மெஷினை ஒரு வாரம் இரவல் கேட்டார். அவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்களும் கேட்டுத்தான் போட வேண்டும், கழுத்தின் முன்பக்கம் யாருமே ஒட்டக்கூடாது. தர முடியாது மாமா என்றேன். "ரெண்டாயிரம் ரூபா சாமானுக்கு இவ்வளவு பிகுவா" என்று போய்விட்டார். இரண்டு மாதம் பேசவில்லை. பொங்கலுக்குக் காலண்டர் கொண்டுபோய்க் கொடுத்தேன், கூடவே உப்பு மூட்டை ஒன்றும். மாமா காலண்டரை மட்டும் மாமியிடம் கொடுத்துவிட்டு, மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்து, "வெறும் உப்புதானே?" என்று கேட்டார்.