பாட்டா, கருவியா: குழந்தைகளுக்கு இசையை எதில் தொடங்கலாம்?

ஹங்கேரியின் இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் வகுத்த வழியில் குரல்தான் முதல் கருவி. எளிய பாட்டு, சுரங்களைக் காட்டும் கைச்சைகைகள், அப்புறம்தான் இசையை எழுதிப் படிப்பது. செலவில்லை, காதும் கூர்மையாகும். ஆனால் ஆசிரியர் சுருதி சேரப் பாட வேண்டும்.

ஜெர்மனியின் இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் வழி, பேச்சு, கைதட்டல், அசைவு என்று தொடங்கி, வரிசையாக அடுக்கிய மரக்கட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் சைலஃபோனுக்குப் போகும். அதன் கட்டைகளைக் கழற்றலாம். ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால், மிச்சமுள்ள ஐந்து சுரங்களில் எதைத் தட்டினாலும் பெரிதாக உரசாது. நான்கு வயதுக் குழந்தைகூடத் தானாக மெட்டுக் கட்டும். பாடக் கூச்சப்படும் பிள்ளையும் சேர்ந்துகொள்ளும். கருவிகளுக்குத்தான் பணம் வேண்டும்.

மழலையர் வகுப்புக்கு நான் ஓர்ஃப்பையே தேர்ந்தெடுப்பேன். ஆறு வயதுக்குமேல் கோடாய். ஆசிரியருக்குப் பாட வருமென்றால் சரி, முதல் நாளிலிருந்தே தினம் ஒரு பாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.