ஸ்கிளீரல் லென்ஸ்: மூன்று மணிக்கு மேல் மூடுபனி

மகனுக்கு கெரட்டோகோனஸ் என்ற கண் நோய் என்று சொல்லிவிட்டார்கள், ஸ்கிளீரல் என்ற பெரிய கான்டாக்ட் லென்ஸ் போடலாமா என்று பாலக்கோட்டு நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. கருவிழி கூம்பு மாதிரி முன்னால் தள்ளுவது, கண்ணாடி போட்டாலும் ஒரு நிலா மூன்றாகத் தெரிவது எல்லாம் இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராகப் பயன்பாட்டுக்கு வருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். இதற்கு முன்னால் பல வருடம் செமி சாஃப்ட் போட்டேன். அது கருவிழி மேலேயே உட்காரும் சின்ன லென்ஸ், இமைக்கும்போதெல்லாம் நகரும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் லாரிக்குப் பின்னால் பைக் ஓட்டியவர்களுக்கு மீதிக் கதை தெரியும். ஒரு துளி தூசி லென்ஸுக்கு அடியில் போனால் வண்டியை ஓரங்கட்டி, கண்ணீர் வழிய நின்றுதான் ஆக வேண்டும். ஸ்கிளீரல் கருவிழியைத் தொடுவதே இல்லை. அதைத் தாண்டிப் போய் விழியின் வெள்ளைப் பகுதியில் உட்காருகிறது. நடுவில் சலைன், அதாவது சுத்தமான உப்புத்தண்ணீர், நிற்கிறது. கோணல்மாணலான கருவிழியை அந்தத் தண்ணீர் நிரவிவிடுவதால்தான் பார்வை தெளிகிறது. தூசிக்கு உள்ளே போக வழியில்லை. வெங்காயம் உரித்தாலும் கண் எரியவில்லை. வீட்டில் இது தெரிந்த நாளிலிருந்து அந்த வேலை என்னுடையது.

பகல் வரை எந்தக் குறையும் இல்லை. ஜிஎஸ்டி பில்லில் உள்ள பொடி எழுத்தைக்கூட படிக்கிறேன். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கணக்குப் பார்ப்பவனுக்கு அதுதானே வேண்டும். மூன்று மணி வாக்கில் பார்வையில் புகை மூட ஆரம்பிக்கும். லென்ஸுக்கு வெளியே அழுக்கு என்றால் துடைத்துவிடலாம், இது உள்ளே. கண்ணீரில் உள்ள கொழுப்பும் சளி மாதிரியான பிசுக்கும் ஓரம் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே போய் சலைனில் மிதக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் மாறுவது மிகக் குறைவு, அதனால் போனது வெளியே வராது. ஸ்கிரீன் பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும்.

ஒரே வழி, கழற்றிக் கழுவி, புது சலைன் ஊற்றித் திரும்பப் போடுவது. கேட்க எளிது. கையைச் சோப்பு போட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். பிளஞ்சர் என்ற சின்ன ரப்பர் பிடிப்பானில் லென்ஸைக் கிண்ணம் மாதிரி நிறுத்தி, சலைனைத் தளும்ப ஊற்றி, முகத்தைத் தரைக்கு நேராகக் குனிந்து, கண் இமைக்காமல் ஏற்ற வேண்டும். ஒரு காற்றுக்குமிழி மாட்டினாலும் முதலிலிருந்து. மே, ஜூன் சீசனில், வெளியே மாம்பழ லாரி வரிசை கட்டி நிற்கும்போது, ஆபீஸ் வாஷ்பேசின் முன்னால் குனிந்து நிற்கிறவனை மேனேஜர் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் விடலாமே என்று தோன்றும். ஒகேனக்கல் தண்ணீரோ கேன் தண்ணீரோ, எதுவும் லென்ஸில் படக்கூடாது. அகாந்தமீபா என்ற கிருமி தண்ணீரில் இருக்கும், கருவிழியையே தின்றுவிடும். சலைனும் பதப்படுத்தும் மருந்து கலக்காததாக இருக்க வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க கருவிழி அதில்தான் ஊறுகிறது. அப்படிப்பட்ட சலைன் வரும் குட்டி ஆம்பியூல் எல்லா மெடிக்கலிலும் கிடைக்காது.

லென்ஸ் வாங்கிய இடத்தில் புகையைப் பற்றிச் சொன்னபோது, "எல்லாருக்கும் அப்படித்தான், பழகிடும்" என்றார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னும் எரிச்சல் இருக்கிறது. பிறகு வேறு இடத்தில் பார்த்தவர்தான் விளக்கினார்: விழியின் வெள்ளைப் பகுதியும் எல்லாப் பக்கமும் ஒரே வளைவு கிடையாது, லென்ஸ் ஓரத்தையும் பக்கத்துக்குப் பக்கம் மாற்றிச் செய்ய வேண்டும். இடது கண்ணுக்கு அப்படி மாற்றிய லென்ஸ் வந்திருக்கிறது. புகை குறைந்திருக்கிறது. நியாயமாகச் சொன்னால் நன்றாகவே குறைந்திருக்கிறது. வலது கண் இன்னும் பழைய லென்ஸ்தான், ஜோடிக்குக் கொடுத்த காசில் நல்ல பழைய ஸ்பிளெண்டர் ஒன்று வாங்கியிருக்கலாம் என்பதால் மறுபடி ஆர்டர் கொடுக்க மனசு வரவில்லை.

இதை நவீனக் கண்டுபிடிப்பு என்று விற்கிறார்கள். 1888-லேயே அடால்ஃப் ஃபிக் செய்த முதல் லென்ஸ் வெள்ளைப் பகுதியில் உட்காரும் கண்ணாடி லென்ஸ்தான். கண்ணாடி வழியாகக் கருவிழிக்கு ஆக்சிஜன் போகாது, அதனால் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. ஆக்சிஜன் போகவிடும் பிளாஸ்டிக் வந்த பிறகுதான் நாள் முழுக்கப் போட முடிந்தது. அதைச் சாதித்தவர்களுக்கு இந்தப் புகையை மட்டும் தீர்க்க முடியவில்லையா?

நண்பருக்கு ஒன்று. லென்ஸ் பார்வையைத் தரும், நோயை நிறுத்தாது. பையனுக்கு வயது குறைவு என்பதால் கூம்பு வளர்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்தால் ரைபோஃபிளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் வைத்துக் கருவிழியை உறுதியாக்கும் சி3ஆர் சிகிச்சை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தட்டும்.

லென்ஸ் வாங்கலாமா என்றால், காலை பத்து மணிக்குக் கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன். இப்போது மணி நாலே கால், வலது கண்ணில் எதுவும் தெரியவில்லை. செமி சாஃப்ட் ஒத்துக்கொண்டால் அதிலேயே இருக்கட்டும்.