வேன் கதவுப் பூட்டுக்கு டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா?

பிள்ளையார்பட்டி போய்விட்டுக் காரைக்குடி திரும்பியதும் எங்கள் கேரவன் வேனில் பக்கக் கதவு மட்டும் பூட்டவில்லை. ஃப்யூஸ் நன்றாகவே இருந்தது. பூட்டு மோட்டாரின் பிளக்கைக் கழற்றினேன். தம்பி சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்த, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒருவழியாக 12 வோல்ட்டைக் காட்டியது. சரி, மோட்டார்தான் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் அதே இடத்தில் டெஸ்ட் லேம்ப்பை, அதாவது கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் சின்ன பல்பை, வைத்தால் மங்கலாக மினுங்கியது! கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் வயர் அறுந்து ஓரிரு இழையில் தொங்கியது. எங்கள் ஊர் வெயிலில் அந்த ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது.

மீட்டர் கரண்டை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். ஒற்றை இழைக்கும் முழு வோல்ட் காட்டும். பல்பு கரண்டை இழுக்கும், அந்த இழை போதாவிட்டால் மங்கிவிடும். பூட்டுக்குக் கரண்ட் கணநேரமே வரும், அதைக் காணவும் பல்பே மேல். பேட்டரி இறங்கியதா என்று பார்க்க மீட்டர் வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி வயர்களிலும் மீட்டர்தான். பல்பு இழுக்கும் கரண்ட் பெட்டியைக் கெடுத்துவிடலாம்.