கருப்பு வால்நட் சாப்பாட்டு மேசை: சில வருஷம் புழங்கிய பிறகு

நான் இருப்பது அமெரிக்காவில் ஒஹாயோ பக்கம், இங்கே கருப்பு வால்நட் உள்ளூர் மரம். (காஷ்மீர்ச் செதுக்கு வேலைக்கு எடுப்பது இதன் பங்காளி, நாம் சாப்பிடும் அக்ரூட் காய்க்கிற மரம்.) அதில் மேசை செய்து போட்டுச் சில வருஷம் ஆகிறது. வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை, நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

செர்ரி மரம் வெளிச்சம் பட்டால் கறுக்கும், இது நேர்மாறு, வெளுக்கும். இழைத்த புதிதில் ஊதா கலந்த சாக்லேட் நிறமாக இருந்த பலகை, ஜன்னல் பக்கம் இப்போது தேன் நிறம். விரிப்பை எடுத்தால் அடியில் கருஞ்சதுரம்.

பாப்லர் என்ற இலேசான மரத்துக்குச் சாயம் ஏற்றினால் மேலோட்டமாகப் பார்க்க இது மாதிரியேதான் இருக்கும். அதனால் பலகையின் தலைப்பை, அதாவது குறுக்கே அறுத்த முகத்தை, உளியால் சுத்தமாகச் சீவிப் பாருங்கள். வால்நட்டில் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும், ஒவ்வொரு வளர்ச்சி வளையமும் தொடங்கும் இடத்தில் பெரிதாக இருந்து போகப்போகச் சிறுத்துவிடும், பாப்லரில் அப்படி எதுவும் கண்ணில் படாது. கனமும் காட்டிக்கொடுக்கும்: உலர்ந்த வால்நட் கன மீட்டருக்கு சுமார் 600 கிலோ, பாப்லர் 450 பக்கம்.

இன்னொன்று, பல மர மில்களில் உலராத பச்சைப் பலகையை நீராவியில் வேகவைத்து வைரத்தின், அதாவது கருத்த நடுமரத்தின், நிறத்தை வெளிறுப் பகுதிக்கும், அதாவது வெள்ளை ஓரத்துக்கும், ஏற்றுகிறார்கள். சீராகத்தான் இருக்கும், ஆனால் அந்த ஊதாவும் சிவப்பும் செத்துவிடும். எனக்குக் காற்றில் உலர்த்தியதுதான் பிடிக்கும், வெள்ளை ஓரத்தோடு இருந்தாலும் சரி.

வேலைக்கு அருமையான மரம், இழைப்புளி வழுக்கிக்கொண்டு போகும். கிளை பிரியும் இடத்தில் மட்டும் ரேகை தாறுமாறாக ஓடும், அங்கே கத்தியைத் தீட்டி மெல்லிசாக இழைக்காவிட்டால் பிய்த்துக்கொள்ளும். ஒட்டும் பசை ஈரமாக இருக்கும்போது இரும்பு கிளாம்ப் (பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) மரத்தில் படவே கூடாது, மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினோடு சேர்ந்து கறுப்புக் கறை ஏறிவிடும், நடுவில் மெழுகுத்தாள் வையுங்கள். பூச்சுக்கு எண்ணெய்தான். தண்ணீர் வார்னிஷ் போட்டால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடுகிறது.

கடினம் நடுத்தரம்தான், மரத்தின் கடினத்தை அளக்கும் யாங்கா அளவில் 1010, வெள்ளை ஓக் 1360. குழந்தைகள் கரண்டியால் தட்டும் வீடு என்றால் பள்ளம் விழும், எங்கள் மேசையில் நிறைய இருக்கிறது.

அப்புறம் தூசி, முகமூடி இல்லாமல் அறுத்தால் மூக்கு எரியும். சீவலைக் குதிரை லாயத்துக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள், அதன்மேல் நின்றாலே குதிரைக்குக் குளம்பு நோய் வந்துவிடும்.